ரோஜாவைப் பார்த்த இருபது நிமிஷம்

பதினொன்று ஆக இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. சௌந்தரம் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை மடக்கி, மடியில் நோட்டை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எதிரே நாலடி தள்ளிப் பாயில் ரோஜா. ரோஜாவுக்கு இரண்டு வயது ஏழு மாதம். இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வாரம். பாயின் மேல் ஒரு கூடை நிறைய நூல் கோன்கள், அதாவது நூலெல்லாம் தீர்ந்துபோன வெறும் காகிதக் கூம்புகள். சௌந்தரத்தின் வீட்டுக்காரர் வேலுச்சாமி, தான் கட்டிங் மாஸ்டராக இருக்கிற பனியன் கம்பெனியிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தவை. இந்தக் குழந்தையை இருபது நிமிஷம் பார்க்க வேண்டும், பார்த்ததை நிமிஷத்துக்கு நிமிஷம் எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. “ஒரு புள்ள வெளையாடறதப் பாக்கறதுக்கெல்லாமா காலேஜு, அம்மிணி? எங்கம்மா அஞ்சு புள்ளைகளப் பாத்துக்கிட்டே வெங்காயம் உரிச்சா. ஒருத்தரும் பட்டம் குடுக்கலையே” என்று காலையில் டிபன்பாக்ஸை மூடிக்கொண்டே வேலுச்சாமி கேட்டார். “உங்கம்மா பாத்தது வெங்காயத்தைத்தானுங்க” என்று இவள் சொன்னதற்கு மனுஷர் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். குழந்தை வளர்ச்சியும் குடும்ப உறவுகளும், ஆன்லைனில் பட்டப்படிப்பு, இரண்டாம் வருஷம். தத்தெடுக்கப் பெயரைப் பதிந்துவிட்டு மூன்று வருஷம் காத்துக் கிடந்தார்களே, அப்போது சேர்ந்தாள். குழந்தை வந்து நிற்கிறபோது ஒன்றும் தெரியாதவளாக முழிக்கக் கூடாது என்று முப்பத்தொன்பது வயதில் செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துப் பாடம் கேட்க உட்கார்ந்தவள் இவள். ரோஜா வருவதற்கு ஒரு மாதம் முன்னால் ஹெலன் மேடம் திரையிலிருந்து விரலை நீட்டிச் சொன்னார்: “குழந்தையைப் பார்த்து எழுதும்போது மரம் மாதிரி உக்காருங்க. சிரிக்காதீங்க, கூப்பிடாதீங்க, எடுத்துக் குடுக்காதீங்க. உங்க முகத்துல அது எதையும் படிக்கக் கூடாது. பிடிவாதம் பண்ணினாள்னு எழுதாதீங்க, பிடிவாதம் கண்ணுக்குத் தெரியாது. கையைத் தட்டிவிட்டாள்னு எழுதுங்க.” சௌந்தரத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிடிவாதம் கண்ணுக்குத் தெரியாதாமே! இத்தனை வருஷமாகக் கண்ணால் கண்டதாக நினைத்துக்கொண்டிருந்த பிடிவாதம், திமிர், சோம்பேறித்தனம் எல்லாம் கழன்று விழுந்து, வெறும் கைகளும் கால்களும் முகங்களுமாக ஊரே புதிதாகத் தெரிந்தது அன்றைக்கு.

பதினொன்று. ரோஜா கோன்களைத் தொடவில்லை. பாயின் ஓரத்தில் சிவப்பாக ஒரு நூல் துண்டு, எறும்பு நீளம்கூட இருக்காது, அதைப் பார்த்தாள். குனிந்தாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வந்து நுனியோடு நுனி சேர்ந்தன, நூல் மேலே வந்தது. சௌந்தரம் எழுதினாள்: 11.01, நூலை எடுத்தாள். எழுதிவிட்டுப் பார்த்தால், அட, இவ்வளவுதானா? அங்கே நடந்தது என்ன, தாளில் கிடப்பது என்ன! பிறக்கும்போது கை என்பது மூடிய முஷ்டிதான். மூன்று நாலு மாதத்தில் குழந்தை தன் கையையே தூக்கி வைத்துப் பார்க்குமாம், இது யாருடையது, இங்கே எப்படி வந்தது என்கிற மாதிரி. அப்புறம் வாரும், அள்ளும், தவறவிடும். ஒன்பது பத்து மாதத்தில்தான் இந்த இரண்டு விரல் நுனியும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தப் பாடம் நடந்த மறுநாள் அவிநாசி பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார், அதே இரண்டு விரலால். இவள் டிக்கெட்டை வாங்காமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னக்கா, டிக்கெட் வேண்டாமா, வந்த வழியே எறங்கிக்கிறீங்களா?” என்றார் அவர். இந்தத் தொப்பைக்காரரும் ஒரு காலத்தில் தலை நிற்காமல் கிடந்தவர்தானே என்று நினைத்ததும் சௌந்தரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பக்கத்துச் சீட்டு அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள். பஸ்ஸில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். போனில் கத்துகிறவன், தூங்கி வழிகிறவன், சீட்டுக்குச் சண்டை போடுகிறவள், அத்தனை பேரும் குப்புற விழத் தெரியாமல் மல்லாந்து கிடந்தவர்கள். அத்தனை பேரையும் யாரோ தூக்கி வைத்திருந்திருக்கிறார்கள். பாலை ஊற்றி, கழுத்தைத் தாங்கி, அழுதால் ஓடிவந்து. ஒருவர்கூடத் தானாக இந்த பஸ்ஸுக்கு வந்து சேரவில்லை. வேலுச்சாமியின் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டேதான் பார்த்தாள் என்றாலும் பார்த்தாள், பார்க்காமலா அந்த மீசை முளைத்தது. சரி, அப்படியானால் ரோஜாவை? இந்த விரல் நுனிகள் முதன்முதலில் சேர்ந்தபோது எதிரே இருந்தது யார்? குழந்தைகள் இல்லத்தில் இருந்த ஆயம்மாவா? அவளுக்கு ஒரே நேரத்தில் ஒன்பது குழந்தைகள். யாராவது அதைப் பார்த்தார்களா? பார்த்து ஐயோ என் கண்ணே என்று சொன்னார்களா? யாரும் பார்க்காமலே நடந்திருந்தால்? ரோஜா நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதை எங்கே கண்டாளோ அதே இடத்தில், பாயின் ஓரத்திலேயே திருப்பி வைத்தாள். 11.03, நூலைத் திருப்பி வைத்தாள்.

இந்தத் திருப்பி வைப்பதைத்தான் சௌந்தரத்தால் தாங்க முடியவில்லை. வந்த நாளிலிருந்து ரோஜா எல்லாவற்றையும் திருப்பி வைக்கிறாள். டம்ளரை, செருப்பை, கண்ணாடி வளையலை. நாளைக்கே ஊருக்குப் போகிற விருந்தாளி மாதிரி. சோறு ஊட்டினால் வாயைத் திறக்கிறாள், சட்டை போட்டால் கையைத் தூக்குகிறாள், படு என்றால் படுக்கிறாள். மாமியார் வந்து பார்த்துவிட்டு, “தங்கமான புள்ள, ஒரு தொந்தரவு இல்லை” என்று நெட்டி முறித்துவிட்டுப் போனார். ஐந்து வாரத்தில் ஒரு சொல் கிடையாது. ஒப்படைத்த அன்றைக்கு ஆயம்மா, “நல்லாப் பேசுவாளுங்க, வாய மூடவே மாட்டா” என்றுதான் சொன்னாள். காது நன்றாகக் கேட்கிறது, டாக்டர் பார்த்தாயிற்று. பேச்சு உள்ளேதான் எங்கோ இருக்கிறது, இந்த வீட்டில் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். போன செவ்வாய்க்கிழமை வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம். ஓட எழுந்த சௌந்தரம் நின்றாள். அழுதால் என்னைத் தேடுவாளே, முதல்முதலாகத் தேடுவாளே, ஒரு நொடி பொறு என்று நின்றாள். ரோஜா அழவில்லை. யாரையும் தேடவில்லை. எழுந்து, நாக்கை நீட்டி ரத்தத்தை நக்கிப் பார்த்தாள், நடந்தாள். ஓடிப்போய்த் துடைத்து, வாயைக் கழுவி, மருந்து போட்டு, நோட்டில் ‘விழுந்தாள், எழுந்தாள், அழவில்லை’ என்று எழுதி முடித்துக் குளியலறைக்குள் போய்த் துண்டை வாயில் திணித்துக்கொண்டு இவள் அழுதாள். அழாத குழந்தையைப் பற்றி ஒரு பாடம் உண்டு. அழுதால் ஆள் வரும் என்று தெரிந்த குழந்தைதான் அழும், வராது என்று தெரிந்துவிட்டால் நிறுத்திவிடும். அந்தப் பாடத்தை மூன்று முறை கேட்டாள், மூன்றாவது முறை பாதியில் போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த மாதம் இல்லத்திலிருந்து பார்க்க வருவார்கள், குழந்தை உங்களோடு ஒட்டிக்கொண்டாளா என்று கேட்பார்கள். என்ன சொல்வது? ஐந்து வாரம், இரண்டு நோட்டு முழுக்க எழுதியிருக்கிறேன், எதிலும் அந்த வரி இல்லையே என்று சொல்வதா? இவள் என்னை அம்மாவாக எடுத்துக்கொள்வாளா, மாட்டாளா? இதை எந்தப் பரீட்சையிலும் கேட்க மாட்டார்கள், எவரும் விடையும் சொல்ல மாட்டார்கள். நான் இவளைத் தேர்ந்தெடுத்துவிட்டேன், கையெழுத்துப் போட்டாயிற்று. இவள் எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

11.07. ரோஜா ஒரு கோனை எடுத்து இன்னொன்றின் மேல் கவிழ்த்தாள், அது சிக்கென்று உட்கார்ந்தது. மூன்றாவதைத் தலைகீழாக வைத்தாள், உருண்டு போனது. மறுபடி வைத்தாள், மறுபடி உருண்டது. சௌந்தரத்தின் கை பரபரத்தது, திருப்பு கண்ணு, திருப்பு என்று விரல்கள் தாமாகத் திரும்பின. பேனாவை இறுக்கிக்கொண்டாள். ரோஜா கோனைக் கண்ணருகே கொண்டுபோனாள். அதன் சின்ன ஓட்டை வழியாக ஜன்னலைப் பார்த்தாள், பெரிய வாய் வழியாகத் தன் கால்விரலைப் பார்த்தாள். வாயில் வைத்து ஊதினாள், காற்றுதான் வந்தது. கீழே வைத்தாள், யோசித்தாள். யோசித்தாள் என்று எழுதக் கூடாது, யோசனை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தெரிகிறதே, சாமி! அந்த நெற்றியில், மேலுதட்டை உள்ளே இழுத்துக்கொண்ட அந்தச் சின்ன வாயில் கண்ணெதிரே நடக்கிறதே! ஹெலன் மேடம் வேண்டுமானால் மார்க்கைக் குறைத்துக்கொள்ளட்டும். ரோஜா கோனைத் திருப்பினாள். வைத்தாள். உட்கார்ந்தது. அவ்வளவு பெரிய காரியம் நடந்தும் தெருவில் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, கீரைக்காரர் பாட்டுக்குச் சிறுகீரை, அரைக்கீரை என்று போய்க்கொண்டிருந்தார். உலகத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நிமிஷமும் இது நடந்துகொண்டிருக்கிறது, எப்படி ஜனங்களால் தலையைக் குனிந்துகொண்டு பீன்ஸ் நறுக்க முடிகிறது? வயிற்றுக்குள் இருக்கும்போதே குழந்தைக்குக் காது கேட்குமாம். வெளியே வந்ததும் ஆயிரம் குரலில் அந்த ஒரு குரலுக்குத் தலையைத் திருப்புமாம். அந்த வரியைப் படித்த அன்று சௌந்தரம் வியந்தும் போனாள், நொறுங்கியும் போனாள். ரோஜாவின் காதுக்குள் ஒரு குரல் இருக்கிறது. அது யாருடையது, எந்த ஊர்ப் பேச்சு, கோபக் குரலா, பாடுகிற குரலா, ஒன்றும் தெரியாது. அந்தக் குரலுக்காக இந்தத் தலை திரும்பியிருக்கும், வந்திருக்காது, மறுபடி திரும்பியிருக்கும். என் குரலை இவள் முதலில் கேட்டபோது இவளுக்கு இரண்டரை வயது. முதல் இடம் எனக்கு இல்லை. இல்லாவிட்டால் போகிறது, கடைசி பெஞ்சில் உட்கார்த்தி வைத்தாலும் உட்கார்ந்துகொள்வேன், வகுப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். ஐந்தாவது கோன், ஆறாவது கோன். கோபுரம் ரோஜாவின் மூக்கு வரைக்கும் வந்துவிட்டது.

“சௌந்தரம்! உங்கூட்ல கரண்ட் இருக்குதா?” என்று வாசல் கிரில்லை யாரோ கடகடவென்று ஆட்டினார்கள். மாடிவீட்டு பாக்கியத்தக்கா. வேறு யார் இப்படி ஆட்டுவார்கள். 11.12. சௌந்தரம் அசையவில்லை, பதில் சொல்லவில்லை. மரம் பேசுமா? “ஏன் சௌந்தரம், உள்ள இருந்துக்கிட்டே பேசாம இருக்கறயா? ஃபேன் சுத்துதே, தெரியுது பாரு!” என்று அக்கா கண்ணைக் கம்பிக்கு நடுவில் வைத்தாள். கோபுரம் சரிந்தது. ரோஜா கிரில்லைப் பார்த்தாள். பெரிய கண், வளையல் கை, கடகட சத்தம். உடனே தலையைத் திருப்பி சௌந்தரத்தின் முகத்தைப் பார்த்தாள். சௌந்தரம் முகத்தை மரமாகவே வைத்திருந்தாள். ரோஜா ஒரு நொடி அந்த முகத்தில் நின்றாள். அப்புறம் ரோஜாவின் முகமும் மரமாயிற்று. புருவம் தணிந்து, உதடு நேராகி, ஒரு சுருக்கம் பாக்கியில்லாமல். “என்னமோ பரிட்சையாட்டிருக்குது” என்று முனகிக்கொண்டு பாக்கியத்தக்கா படியேறிப் போனாள். 11.13, என் முகத்தைப் பார்த்தாள் என்று எழுதினாள் சௌந்தரம். எழுதிய பேனா அங்கேயே நின்றுவிட்டது. எதற்காகப் பார்த்தாள்? இது பயப்பட வேண்டியதா, வேண்டாததா என்று கேட்கத்தானே? கேட்டாளே! ஆறு பேர் இருக்கிற இடத்திலும் தானாகவே தன்னைப் பார்த்துக்கொள்கிற குழந்தை என்று நான் நினைத்தவள், என்னிடம் கேட்டாளே! நான் என்ன பதில் சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு மட்டுமா? அந்த மர முகத்தை ஒரு பாடத்துக்காக வாங்கியவள் கழற்றவே இல்லையே. குளிக்க வைக்கும்போது, சோறு ஊட்டும்போது, எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்று வந்த நாளிலிருந்து கூர்ந்து கூர்ந்து பார்த்த அதே முகம். குழந்தையை நெருக்காதே, பொறு, தானாக வரும் என்று பாடத்தில் இருந்தது. பொறுத்தாள், நோட்டோடு பொறுத்தாள். ஐந்து வாரமாக நான் இவளைப் பார்த்தேன், சரி. இவள் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? வேறு யார் இருந்தார்கள் வீட்டில்?

11.15. ரோஜா சரிந்த கோன்களில் ஒன்றைப் பொறுக்கினாள். அதைப் பாயின் நடுவில் படுக்க வைத்தாள். கூடையில் கிடந்த கைத்துண்டை எடுத்து அதன் மேல் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள். கோனுக்கு ஏது கழுத்து? ஆனால் இருந்தது, ரோஜா போர்த்திய பிறகு கழுத்து இருந்தது. அடி என் ராசாத்தி, அது குழந்தையாகிவிட்டது! ஒரு காகிதக் கூம்பு கண்ணை மூடித் திறப்பதற்குள் குழந்தை! ஒன்றை வைத்து இன்னொன்றை நினைக்கிற மந்திரம், இதிலிருந்துதான் பேச்சே பிறக்கிறது என்று ஹெலன் மேடம் குரல் தழுதழுக்கச் சொன்ன அது. சௌந்தரம் சற்று முன் நினைத்ததையெல்லாம் மறந்து எழுதினாள், கை கிறுக்கலாக ஓடியது. ரோஜா எழுந்து அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போனாள். அங்கே கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் ஒரு கலர் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கோன் குழந்தைக்கு எதிரே, அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். காலை மடக்கினாள். பத்திரிகையை மடியில் விரித்தாள். கோனைப் பார்த்தாள். பத்திரிகையில் ஒரு கோடு போட்டாள். கோனைப் பார்த்தாள். ஒரு கோடு. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, மேலுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, மறுபடி கோனை. ஏதோ வாத்தியாரம்மா விளையாட்டு என்றுதான் சௌந்தரம் முதலில் நினைத்தாள். அப்புறம் தன் மடக்கிய காலைப் பார்த்தாள், மடியில் இருக்கிற நோட்டைப் பார்த்தாள். தன் மேலுதடு உள்ளே இருப்பது அப்போதுதான் நாக்கில் தெரிந்தது. குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு எதிரே யார் உட்கார்வார்கள்? இரண்டரை வயதில் எல்லாக் குழந்தைகளும் ஆடுகிற ஆட்டம்தான் இது, அம்மா விளையாட்டு. இவளுக்குத் தெரிந்த அம்மா இப்படித்தான் இருப்பாள். சுவரில் சாய்ந்து, சிரிக்காமல், எழுதிக்கொண்டு. ரோஜா பென்சிலைத் தூக்கிப் பிடித்தாள். தூங்குகிற கோனைப் பார்த்து, மெல்ல, இழுத்து, அச்சு அசலான ராகத்தில் சொன்னாள்: “இயு கண்ணு. எய்தித்து வதேன்.”

இரு கண்ணு, எழுதிட்டு வர்றேன். அது சௌந்தரத்தினுடைய சொல். இருக்கிறது என்றே தெரியாமல் அவள் வாயில் இருந்த சொல். ரோஜா ஒரு கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, ஒற்றைச் செருப்போடு வந்தபோது, தட்டான் இறக்கை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தபோது, ஐயோ வந்துவிட்டாளே, தானாக என்னிடம் வந்துவிட்டாளே என்று பூரித்துப்போய், அதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டுமே என்று தவித்துச் சொன்னது. எழுதி முடித்து நிமிர்ந்தால் குழந்தை போயிருக்கும், கரண்டி இருந்த இடத்தில் இருக்கும். பாவி, நான் பாவி! வராத குழந்தைக்காக அழுதேனே, வந்த குழந்தையை நோட்டில் போட்டுவிட்டு. ஆனால் அந்த ராகம்! அந்தக் ‘கண்ணு’வில் இருந்த குழைவு! அதைக்கூட விடாமல் எடுத்து வைத்திருக்கிறாளே, எங்கே வைத்திருந்தாள், எப்படி வைத்திருந்தாள் இந்தச் சின்ன மண்டைக்குள்! ஆயிரம் குரல் கேட்ட காதில் என் குரலுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறாளே! சௌந்தரம் நோட்டைத் தரையில் வைத்தாள். நாலடியையும் முழங்காலால் கடந்து பாய்க்கு வந்தாள். ரோஜாவைத் தொட அவளுக்குக் கை வரவில்லை, பயமாக இருந்தது. துண்டோடு சேர்த்து அந்தக் கோனைத் தூக்கினாள். கழுத்தைத் தாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகைத் தட்டினாள். “எழுதியாச்சு கண்ணு” என்றாள், “எழுதியாச்சு, அம்மா வந்துட்டேன்.” குரல் உடைந்து, சிரிப்பும் அழுகையுமாகக் கோணிய முகத்தை அப்படியே காட்டிக்கொண்டு கோனை மடியில் கிடத்தி ஆட்டினாள். ரோஜா பென்சிலை வைத்துவிட்டுப் பார்த்தாள். கோனைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், சௌந்தரத்தின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, அந்தக் கோனைத் துண்டோடு பிடுங்கித் தூர அக்கட்டால வீசிவிட்டு, அது கிடந்த இடத்தில் தான் ஏறி உட்கார்ந்தாள்.